பாதம் காத்தால் பாதயாத்திரை

தை பிறந்துவிட்டால் நத்தம் நகரின் சாலைக்கு உறக்கம் கிடையாது. குன்றக்குடியிலிருந்து புறப்படும் நகரத்தார் காவடிகள் சிங்கம்புணரி வழியாக நத்தத்தை அடைந்து, இங்கிருந்து திண்டுக்கல்லைக் கடந்து பழநிக்குச் செல்கின்றன. நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாகச் சொல்லப்படும் மரபு அது. காவடிகளுக்கு முன்னும் பின்னுமாக, தோளில் சிறு பையும் நாவில் முருகன் திருநாமமுமாக ஆயிரமாயிரம் அடியவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். கரந்தமலைப் பக்கமிருந்து இறங்கிவரும் பனிக்காற்றில் ‘அரோகரா’ முழக்கம் நள்ளிரவிலும் ஓயாமல் கேட்கும்.

அந்த முழக்கத்தைத் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாத பெரியவர் ஒருவர் நத்தத்தில் இருக்கிறார். வயது 67. புளி மண்டி நடத்தி நல்ல பெயர் எடுத்தவர். இப்போது வணிகத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். அந்த மகன் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலில் கண் திறவாமல் கிடந்தான். மதுரையில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நின்றபடி, பழநி இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பி, “முருகா! என் பிள்ளையைக் கொடு. எனக்குக் கால் உள்ள மட்டும் வருடந்தோறும் உன்னைத் தேடி நடந்து வருகிறேன்” என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். அதன்பின் 31 தைப்பூசங்களுக்கு அவர் நடை தவறியதில்லை. வழியில் செருப்பு அணிந்ததும் இல்லை.

31-ஆவது நடையோடு அந்த வேண்டுதலுக்கே சோதனை வந்தது.

முள் தைத்தது தெரியவில்லை

பழநியில் தரிசனம் முடித்துப் பேருந்தில் ஊர் திரும்பிய பெரியவர், வாசல் படியேறி உள்ளே நடந்தார். பின்னாலேயே வந்த அவர் மனைவி தரையைப் பார்த்துவிட்டு, “ஏங்க, வாசல் கோலத்துக் காவியை மிதிச்சிட்டீங்களா? வீடு முழுக்கச் செவப்பா இருக்கே” என்றார். காவி அல்ல; குருதி. வலது பாதத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே, வெடிப்பின் உள்ளே, கருவேல முள் ஒன்று முறிந்து புதைந்திருந்தது. எந்த ஊரில் தைத்தது, எத்தனை காதம் அதோடு நடந்தார் என்பது அவருக்கே தெரியாது. வலிக்கவே இல்லை.

“முருகன் வலி தெரியாமல் காப்பாற்றிக் கூட்டி வந்துவிட்டான்” என்றுதான் முதலில் அவர் சொன்னார். திண்டுக்கல்லில் அவரைப் பார்த்த மருத்துவர் அதை மறுத்துப் பேசவில்லை. முள்ளை எடுத்துப் புண்ணைத் தூய்மை செய்தபின், மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து வந்தார். “ஐயா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாதத்தில் இந்த இழை படும்போதெல்லாம் ‘ஆம்’ என்று சொல்லுங்கள்” என்றார். பத்து இடங்களில் தொட்டார். பெரியவர் நான்கு முறை ‘ஆம்’ என்றார். மற்ற ஆறு இடங்களில் தொட்டதை அவர் அறியவில்லை. அருகில் நின்ற மனைவி அறிந்தார். அவர் கண்கள் நிறைந்தன.

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரியவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நுண்ணிய நரம்புகள் பழுதாகும். உடலிலேயே மிக நீளமான நரம்புகள் கால் விரல்கள் வரை செல்பவை என்பதால் பழுது பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும். வலி என்பது உடலின் காவலாளி. அந்தக் காவலாளி உறங்கிவிட்டால், முள்ளும் சூடும் கொப்புளமும் கேட்பாரின்றி உள்ளே நுழைந்துவிடும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. விரலையோ காலையோ எடுக்கும் நிலைகூட ஏற்படலாம்.

அன்று அவரது எடை 84 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். இடுப்புச் சுற்றளவு 106 சென்டிமீட்டர். இந்திய உடல்வாகிற்கு ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுடையது 80 சென்டிமீட்டரையும் தாண்டாமலிருப்பது நலம் என்பது மருத்துவர்கள் கொள்ளும் அளவு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைக்கும் எண் நம்மவர்க்கு 23-க்குள் இருக்க வேண்டும். 25-ஐக் கடந்தால் உடற்பருமன். பெரியவருக்கு அது ஏறக்குறைய 31. ஆண்டில் நான்கு நாள் பழநிக்கு நடந்தவர், மற்ற நாட்களில் மண்டிக்குக்கூட இருசக்கர வாகனத்தில்தான் போய்வந்தார்.

அவர் தனியொருவர் அல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான பெரும் ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. கோயில் பிராகாரத்தில் வெறுங்காலுடன் வலம்வரும் முதியவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கணக்கில் அடங்குவர்.

“இனிமேல் செருப்பில்லாமல் தெருவில் கால் வைக்கக்கூடாது, ஐயா. புண் ஆறும்வரை நடையே வேண்டாம்” என்றார் மருத்துவர். சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பேச்சும் அப்போது எழுந்தது.

குலவையொலியில் மறைந்த அபாயம்

தை கழிந்து மாசி வந்தது. நத்தம் மாரியம்மன் கோயிலின் மாசிப் பெருந்திருவிழாவை அறியாதார் இப்பகுதியில் இல்லை. கரந்தமலைக் கன்னிமார் தீர்த்தம் எடுத்துவந்து, காப்புக் கட்டி, விரதமிருந்து, பூக்குழி இறங்கும் பக்தர்கள் எண்ணற்றோர். கழுமரம் ஏறும் நிகழ்ச்சியைக் காண அண்டை மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரள்வர். பெரியவருக்கோ காலில் கட்டு. பூக்குழி நினைத்தும் பார்க்க முடியாது. “நடக்கத்தான் முடியாது, பட்டினி கிடக்கக் கூடவா முடியாது?” என்று அம்மனுக்காக முழு விரதம் பூண்டார். காலையில் வழக்கமான மாத்திரையை மட்டும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கோயில் வரிசையில் போய் நின்றார்.

வெயில் ஏறிற்று. சன்னிதியை நெருங்கும் வேளையில் அவர் உடல் வியர்த்துக் கொட்டியது. கைகள் நடுங்கின. கண்கள் செருகின; வாய் ஏதோ குழறியது. சுற்றி நின்றவர்கள், “சாமி வந்துடுச்சு!” என்று விலகி வழிவிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். ஒருவர் வேப்பிலையைக் கொணர்ந்து கையில் கொடுத்தார். அவர்களுடைய பக்தியில் குறையேதும் இல்லை. கண்ட குறிகள் அப்படி இருந்தன.

வரிசையில் சற்றுப் பின்னால் நின்றிருந்த மூதாட்டி ஒருவர், பணி ஓய்வு பெற்ற செவிலியர், கூட்டத்தை விலக்கி முன்னே வந்தார். பெரியவரின் நெற்றியைத் தொட்டார். குளிர்ந்த வியர்வை. “இவருக்குச் சர்க்கரை நோய் உண்டா? மாத்திரை போட்டிருக்காரா? சாப்பிட்டாரா?” என்று உடன் நின்ற ஊர்க்காரரைக் கேட்டபடியே, பந்தலில் வழங்கிக்கொண்டிருந்த பானகத்தில் ஒரு குவளை வாங்கிவரச் சொன்னார். அவரை உட்காரவைத்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, சிறிது சிறிதாகப் புகட்டினார். கால் மணி நேரத்தில் பெரியவர் தெளிந்து, “நான் எங்கே இருக்கேன்?” என்று கேட்டார்.

சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கை தேவை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். தெளியவில்லையானால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். விரதம் இருக்க விரும்பும் நோயாளிகள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், மாத்திரையின் அளவையும் வேளையையும் அவர் மாற்றித் தருவார். வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்பதே முறை.

அன்று மாலை வீட்டுத் திண்ணையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்த கணவரிடம் அந்த அம்மாள் கோபப்படவில்லை. அருகில் வந்து உட்கார்ந்து மெல்லச் சொன்னார்: “முருகன்கிட்ட நீங்க என்னன்னு நேர்ந்துக்கிட்டீங்க? கால் உள்ள மட்டும் நடந்து வர்றேன்னுதானே? அப்ப அந்தக் காலைக் காப்பாத்துறதும் வேண்டுதல்ல சேர்ந்ததுதான். உசுரைக் கொடுத்துட்டு யார் கால்ல நடந்து போவீங்க?”

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிக்கிட்டுப் போ” என்றார்.

தட்டில் தொடங்கிய விரதம்

மறுநாள் மருத்துவமனையில் எடைக்கருவி மீது இருவருமே ஏறினார்கள். அம்மாளுக்கு வியப்புக் காத்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கிருத்திகையும் தவறாமல் ஒருபொழுது இருப்பவர் அவர். அப்படியிருந்தும் ஓராண்டில் எடை மூன்று கிலோ கூடியிருந்தது. முழங்கால் வலிக்குக் காரணமும் அதில் ஒரு பங்கு.

“விரத நாளில் என்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?” என்று மருத்துவர் கேட்டார். காலையில் காப்பி மட்டும். பகல் பூசை முடிந்ததும் பாயசம், வடையுடன் இலைச்சாப்பாடு. இரவில் சோறு கூடாது என்பதால் ஜவ்வரிசி உப்புமா, இரண்டு வாழைப்பழம், இனிப்புப் போட்ட பால். இடையிடையே இரண்டு காப்பி. மருத்துவர் புன்னகைத்தார். வேளை ஒன்று குறைந்தது, அளவு குறையவில்லை.

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தில், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனின் உடலுக்கு மருந்தே தேவைப்படாது என்ற கருத்தை வைக்கிறார். மிகுதியாக உண்ணும் விருப்பம் கூடாதென்று ஔவையார் ஆத்திசூடியில் குழந்தைகளுக்கே சொல்லிக்கொடுத்தார். உடம்பை முன்பு இழுக்கென்று கருதியிருந்ததையும், அதனுள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமூலர் திருமந்திரத்தில் கூறுகிறார். பழநி மலையின் மூலவரை ஒன்பது பாடாணங்களைக் கொண்டு போகர் வடித்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. மருந்தையே திருமேனியாகக் கொண்டவன் என்று போற்றப்படும் முருகனைக் கும்பிடுபவர்கள், தம் மேனியைப் புறக்கணிப்பது எப்படிப் பொருந்தும்?

அந்த வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் ஒரே நாளில் நிகழவில்லை. தட்டில் சோறு இருந்த இடம் சுருங்கியது. பாதித் தட்டுக்குக் காய்கறியும் கீரையும். கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்குக்குப் பருப்பு, சுண்டல், மோர் போன்றவை. சிறுதானியம் நல்லதென்று கேள்விப்பட்டுச் சாமைச் சோற்றை வயிறாரச் சாப்பிட்ட பெரியவருக்கு, சாமையிலும் மாவுச்சத்து உண்டு, அதற்கும் அளவு உண்டு என்பதை இரத்தப் பரிசோதனை எடுத்துக்காட்டியது. ஊறுகாயும் அப்பளமும் அரிதாயின. ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லா உணவிலும் சேர்த்து உப்பு 5 கிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு சிறு தேக்கரண்டி அளவே.

கடினமான சோதனை சித்திரையில் வந்தது. நத்தம் சுற்றுவட்டாரம் முழுவதும் மாந்தோப்புகள். கூடை கூடையாக வீடு தேடி வரும் பழங்களை மறுக்க மனம் வருமா? அங்கும் அம்மாளே வழி கண்டார். ஒரு பழத்தை நறுக்கி வீட்டிலுள்ள ஐவருக்கும் பங்கிட்டார். பெரியவருக்கு வந்தது ஒரு கீற்று. சாப்பாட்டோடு சேர்த்து உண்ணாமல், மாலை நேரத்தில் தனியாக. “பிரசாதம் மாதிரி சாப்பிடுங்க” என்றார். பிரசாதத்தைப் பசி தீர்க்கவா உண்கிறோம்?

புண் ஆறுவதற்கு மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. விரல் தப்பியது. காலை ஊன்றக்கூடாத அந்நாட்களில், நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளை உயர்த்தி இறக்கவும், சிறு எடைகளைத் தூக்கவும் மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தார்கள். முதுமையில் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைந்துவிடும் அபாயம் உண்டு. தசை கரைந்தால் நடை தள்ளாடும், விழுந்தால் எலும்பு முறியும். ஆகவே முதியோர் பட்டினியால் எடையைக் குறைக்க முயல்வது தவறு. மெதுவாகக் குறைய வேண்டும். பருப்பும் பாலும் போதிய அளவு உண்ண வேண்டும். தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். எந்த முயற்சியும் செய்யாமலேயே எடை தானாகக் குறையுமானால், அதை நற்செய்தியாகக் கொள்ளாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கணக்கு நோட்டில் ஒரு யாத்திரை

ஆனி மாதத்தில் மருத்துவர் நடக்க அனுமதி தந்தார். மெத்தென்ற உட்பகுதி கொண்ட, விரல்களை நெருக்காத காலணி வாங்கப்பட்டது. முதல் நாள் பத்து நிமிடம். பிறகு வாரந்தோறும் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூடியது.

எத்தனை தூரம் நடப்பது என்பதில் பேத்திக்கும் தாத்தாவுக்கும் ஒரு வழக்கு. “தாத்தா, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கணுமாம். கைபேசியிலே போட்டிருக்கு” என்றாள் நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தி. அந்தப் பத்தாயிரத்தின் கதை சுவையானது. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த மறு ஆண்டு, ஜப்பானிய நிறுவனம் ஒன்று நடையை எண்ணும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் ‘பத்தாயிரம் அடி அளவி’ என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டியது. எண் விற்பனைக்காகப் பிறந்தது. மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சராசரியாக 72 வயதான பெண்களுள், நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு குறைந்திருந்தது தெரியவந்தது; 7,500 அடிக்கு மேல் நடந்ததால் கூடுதல் பயன் காணப்படவில்லை. வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, முதியோர்க்கு மூன்று நாள் உடற்சமநிலைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பெரியவரின் எல்லை நாளொன்றுக்கு மூன்று கிலோமீட்டர் என்று முடிவாயிற்று. அதிகாலையில், வெயில் ஏறுமுன், வாகனம் குறைந்த தெருக்களில். ஆனால் ஒரே தெருவில் போய்த் திரும்புவது அவருக்குச் சலித்தது. “எந்த ஊருக்கும் போய்ச் சேராத நடை என்ன நடை?” என்றார். வணிகரின் மனம் அல்லவா? ஒரு நாள் பழைய மண்டிக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தார். பிள்ளையார் சுழி போட்டார். முதல் வரியில் ‘நத்தம்’ என்று எழுதி, அன்று நடந்த தூரத்தைப் பற்று வைத்தார்.

நத்தத்திலிருந்து திண்டுக்கல் வழியாகப் பழநி ஏறத்தாழ 95 கிலோமீட்டர். நாளொன்றுக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் 32 நாட்களில் போய்ச் சேர்ந்துவிடலாம். நடப்பதென்னவோ நத்தத்துத் தெருவில். நோட்டில் மட்டும் யாத்திரை நகர்ந்தது. கோபால்பட்டி வந்தது; அன்று அங்கிருந்து பிரிந்து செல்லும் வழியில் உள்ள திருமலைக்கேணி முருகனை நினைத்துக் கும்பிட்டார். சாணார்பட்டி வந்தது. திண்டுக்கல் வந்த நாளில் வீட்டில் அபிராமி அம்மனுக்கு ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றப்பட்டது. ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, ஆயக்குடி என்று யாத்திரை தொடர்ந்தது. ஒவ்வொரு மாலையும் பேத்தி ஓடிவந்து, “தாத்தா, இன்னைக்கு எந்த ஊர்ல இருக்கீங்க?” என்று கேட்பாள். முழங்கால் வலியால் வரமறுத்த அம்மாளும், “நான் மட்டும் பழநிக்கு வர வேண்டாமா?” என்று புரட்டாசியிலிருந்து உடன் நடக்கலானார். அவருடைய நோட்டு தனி. அவர் திண்டுக்கல்லைத் தாண்டும்போது பெரியவர் மூன்றாம் முறையாகப் பழநியில் இருந்தார்.

நடை முடிந்ததும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது அன்றாட வழிபாடு போல் ஆயிற்று. கண்ணாடியில் சரியாகத் தெரியாத நாளில் ஒருவர் பாதத்தை மற்றவர் பார்த்துச் சொன்னார்கள். கோயிலுக்குச் செல்லும் நேரத்தையும் மாற்றிக்கொண்டார்கள். உச்சிவெயிலில் பிராகாரக் கல் கொதிக்கும். உணர்ச்சி குன்றிய பாதம் கொப்புளம் எழும்வரை அதை அறியாது. அதனால் காலை பூசை வேளையில் பருத்திக் காலுறை அணிந்து, விரிப்பின் மீதே வலம் வந்தார்கள். “கால்ல துணியோட அம்மன் முன்னால போறதா?” என்று தொடக்கத்தில் கூசிய பெரியவரிடம், கோயிலில் வழக்கமாகப் பார்க்கும் முதியவர் ஒருவர் சொன்ன பதில் இது: “அம்மா பிள்ளையோட காலைத்தான் பார்ப்பா, காலுறையைப் பார்க்க மாட்டா.”

மாதந்தோறும் மருந்துப் பெட்டியோடு வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர்தான் எடையைக் குறித்துக்கொடுப்பார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே வருபவர் அவர். 84 கிலோ 82 ஆயிற்று. ஐப்பசியில் தீபாவளிப் பலகாரத்தால் மீண்டும் 83 ஆயிற்று. மார்கழி முடிவில் 77-இல் நின்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.4 விழுக்காட்டிலிருந்து 7.3-க்கு இறங்கியது.

பாதம் பார்க்கும் பணி

மீண்டும் தை பிறந்தது. சாலையில் ‘அரோகரா’ முழங்கத் தொடங்கியது. பெரியவர் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றார். ஏழு மாதத்தில் ஆறு முறை பழநி சென்று ஏழாவது யாத்திரையில் இருப்பதை எடுத்துக்காட்டி, “இப்போது உண்மையாகவே நடந்து போகலாமா?” என்று கேட்டார்.

மருத்துவர் மறுபடியும் அந்த நைலான் இழையை எடுத்தார். பத்து இடங்களில் தொட்டார். இப்போதும் நான்கு முறைதான் ‘ஆம்’ என்ற சொல் வந்தது. எடை குறைந்தது, சர்க்கரை குறைந்தது, மேலும் கெடாமல் தடுக்கப்பட்டது. போன உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. நெடுநாள் பழுதான நரம்பு அப்படித்தான். “தொடர்ந்து நான்கு நாள் நெடுஞ்சாலையில் நடப்பது இந்தப் பாதத்திற்கு ஆகாது, ஐயா. நத்தத்தில் இப்போது நடப்பது போலவே நடங்கள். ஆயுள் முழுக்க நடக்கலாம்” என்றார்.

பெரியவர் தலையசைத்தார். வெளியே வந்து பேருந்து நிலையம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. ஊர் வந்ததும் மகனை அழைத்து, சாலையோரத்தில் ஒரு பந்தல் போடச் சொன்னார்.

அடியவர்களுக்கு நீர்மோரும் சுக்குக் காப்பியும் தரும் பந்தல்கள் அந்த வழியெங்கும் உண்டு. இந்தப் பந்தலில் அவற்றோடு ஒரு நீண்ட பலகை, வெந்நீர்த் தொட்டி, தூய துணிகள், கிருமிநாசினி, காயக்கட்டு ஆகியவை இருந்தன. வருபவர்களை உட்காரவைத்து, “சாமி, பாதத்தைக் காட்டுங்க” என்றார் பெரியவர். கழுவித் துடைத்து, உள்ளங்காலை விளக்கொளியில் பார்த்தார். “சர்க்கரை இருக்கா? மாத்திரை எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்களா? பையிலே கொஞ்சம் இனிப்பு வச்சிருக்கீங்களா?” என்று ஒவ்வொரு முதியவரையும் கேட்டார். புண் கண்டவர்களை மேலே நடக்கவிடாமல் மருத்துவ உதவிக்கு அனுப்பினார். நரைத்த தாடியுடன் வந்த ஓர் அடியவரின் பாதத்தில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தது. “வலிக்கலையா?” என்று கேட்டார் பெரியவர். “முருகன் வலி தெரியாம வச்சிருக்கான்” என்றார் அவர். பெரியவர் அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, தம் கதையைச் சொன்னார். அந்த அடியவர் அன்றிரவு திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் மருத்துவரிடம் சென்றார்.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்தபின், பெரியவரும் அவர் மனைவியும் பேருந்தில் பழநிக்குப் புறப்பட்டார்கள். 31 ஆண்டுகளாக 693 படிகளையும் ஏறியே சென்றவர், இம்முறை கம்பிவட ஊர்தியில் அமர்ந்து மலைக்குச் சென்றார். சன்னிதியில் கோவணமும் கையில் தண்டமுமாக நின்றான் தண்டாயுதபாணி. வேண்டாததையெல்லாம் விலக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டவனின் கோலம். பெரியவர் சட்டைப் பையிலிருந்த கணக்கு நோட்டை மார்போடு சேர்த்து அழுத்திக் கும்பிட்டார். கண்ணீர் வழிந்தது. பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள், விரல்நுனி அளவு தொட்டு நாவில் வைத்துக்கொண்டு, மீதியைப் பேத்திக்காக வைத்தார்.

மறுநாள் விடியுமுன் நத்தத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அம்மாள் காலணிகளை எடுத்து வாசலில் வைத்தார். பெரியவர் நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் ‘நத்தம்’ என்று எழுதினார்.